கணினி அறை சுவிட்ச் பற்றி நான் சொன்னது பிழை



போன பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, "கடையில் தந்த சுவிட்ச் சரியில்லை, மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம்" என்று சொன்னவன் நான்தான். கதை கூட்டத்தோடு நிற்கவில்லை. பள்ளியடிக்குப் போய், சந்தைக்குப் போய், வட்ஸ்அப் குழுமங்களுக்குள்ளும் நுழைந்து, கடைசியில் பிள்ளைகளின் காசில் விளையாடியவர் என்ற பெயர் அந்தக் கடைக்கார நானாவுக்கு வந்து சேர்ந்தது. நான் சொன்னது பிழை. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருத்த வேண்டும். அதனால்தான் இந்த நீளமான பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கட கணினி அறையில் 20 கணினிகள். பாடக் காணொளிகள் எல்லாம் மூலையில் இருக்கும் ஒரு பழைய லினக்ஸ் சேர்வரில். ஒரு பிள்ளை திறந்தால் அழகாக ஓடும். 20 பிள்ளைகளும் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பழைய 100 மெகாபிட் சுவிட்ச்தான் காரணம் என்று பெற்றாரிடம் காசு சேர்த்து ஜிகாபிட் சுவிட்ச் வாங்கினோம். அதாவது செக்கனுக்கு 1000 மெகாபிட். பூட்டிய பிறகும் அதே வட்டம். டூப்ளிகேட் சாமான் என்று யாரோ சொன்னார்கள். நானும் நம்பினேன், கூட்டத்தில் பேசியும் விட்டேன்.

ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு நானா பாடசாலை கேட்டடிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "சேர், அளந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி பண்ணிப் பார்த்ததாகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஃபைலைக் கொப்பி பண்ணினால் வலையமைப்பின் வேகம் மட்டும் தெரியாது, ஹார்ட் டிஸ்க்கின் வேகமும் அதில் கலந்துவிடும். அன்று இரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் இது உறைத்தது. ஐபெர்ஃப்3 என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல், நினைவகத்திலிருந்தே தரவை அள்ளி அனுப்பி, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கணக்குச் சொல்லும். ஆனால் ஒரு கணினியை மட்டும் சோதித்துப் பயனில்லை. கல்யாண வீட்டில் ஒரு சஹனுக்குச் சோறு சுணங்காமல் வந்ததை வைத்து, 20 சஹனுக்கும் அப்படியே வரும் என்று சொல்ல முடியுமா? எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஐபெர்ஃப்3இன் ஒரு சேர்வர் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். ஆகவே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 5201 முதல் 5220 வரை 20 போர்ட்டுகளில் 20 சேர்வர்களை எழுப்பி, எஸ்.எஸ்.எச். வழியாக 20 கணினிகளையும் ஒரேயடியாக முடுக்கிவிடும். பத்துப் பதினைந்து வரிதான்.

சனிக்கிழமை ஓட்டினேன். ஒவ்வொரு கணினிக்கும் 5 மெகாபிட் கூட இல்லை. தனித்தனியாகச் சேர்வரோடு பேசவிட்டுப் பார்த்தேன். எல்லாம் 94. ஜிகாபிட் இணைப்பில் முழு 1000 கிடைக்காது, பொதிகளின் தலைப்பும் இடைவெளியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், 941 அளவில் நிற்கும். 94 என்பது 100 மெகாபிட் இணைப்பின் கையெழுத்து. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குச் சந்தோஷம். நானா மாட்டிக்கொண்டார் என்று ஸ்கிரீன்ஷொட் கூட எடுத்துவிட்டேன்.

அனுப்பும் முன், சேர்வரை விட்டுவிட்டு மாணவர் கணினிகள் இரண்டை ஒன்றோடொன்று பேசவிட்டேன். 941. இன்னொரு சோடி, 941. அதே சுவிட்ச்தான்.

அப்படியென்றால் குற்றம் சேர்வர் பக்கம். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். தலையில் மண்ணிறக் கம்பி ஒன்று பின் வரை போகவே இல்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிக் கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு நாலு சோடியும் வேண்டும். ஒன்று அறுந்தால் பல கார்ட்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். சுவிட்சில் அந்த ஒரு வெளிச்சம் மட்டும் வேறு நிறத்தில் எரிந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கேபிளுக்குத் தலை அடித்தவனும் நானே.

பாதி மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று சுவிட்சை இன்னும் வாட்டிப் பார்த்தேன். லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே பிகேடிஜென் என்ற பொதி உற்பத்திக் கருவி இருக்கிறது, ஷெல் ஸ்கிரிப்டால் ஓட்டலாம். பெரிய பொதிகள் என்றால் ஜிகாபிட் பாதையில் செக்கனுக்குச் சுமார் 81,000 போகும். 64 பைட் சின்னப் பொதிகள் என்றால் 14 இலட்சத்து 88 ஆயிரம். பாதை அதேதான், சுவிட்ச் முகவரி பார்க்க வேண்டிய தடவைகள்தான் கூடும். எங்கட பழைய கணினியால் அந்த உச்சத்தைத் தொட முடியவில்லை. அனுப்பிய எண்ணிக்கையையும் மறுபக்கக் கார்ட்டுக்கு வந்த எண்ணிக்கையையும் ஒப்பிட்டேன். பெறும் கணினி திணறித் தவறவிட்டதைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதையும் சுவிட்சின் தலையில் போட்டுவிடுவோம். சுவிட்ச் ஒன்றையும் விழுத்தவில்லை.

முதல் தடவை மெக் முகவரியில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்துவிட்டேன். யாருடையது என்று தெரியாத முகவரிக்கு வரும் பொதியை சுவிட்ச் எல்லா வாசலுக்கும் கொட்டும். எண்ணிக்கையும் 0, அதாவது நிறுத்தும் வரை ஓடும். அலுவலகக் கணினி வரை உறைந்து, அதிபர் ஓடி வந்தார். இளம் பிள்ளைகளே, இதைச் சொந்த வலையமைப்பில், அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் வலையமைப்பில் செய்தால் அது தாக்குதல். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது.

புதுத் தலை அடித்து மீண்டும் ஓட்டினேன். 20 பேருக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கு 47 அளவில் கிடைத்தது. திங்கட்கிழமை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் காணொளி பார்த்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அஸருக்குப் பிறகு கடைக்குப் போனேன். நானா கல்லாவில் இருந்தார். "நான்தான் பிழை விட்டது நானா, மாப் பண்ணுங்க" என்றேன். "கேபிளா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எனக்குத் தெரியும் சேர். நான் சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்கமாட்டீங்க." அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பொட்டலம் கனெக்டரை எடுத்துத் தந்தார். பில் போடச் சொன்னேன். போட்டார்.

மீதிக் காசு போன வியாழக்கிழமை கொடுக்கப்பட்டுவிட்டது. பற்றுச்சீட்டு அறிவித்தல் பலகையில் இருக்கிறது. என் கூற்றைக் கூட்டக் குறிப்பில் திருத்தி எழுதும்படி செயலாளரிடமும் கேட்டிருக்கிறேன். பழைய கதையைக் குழுமங்களில் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள்.

7ஆம், 14ஆம் இலக்கக் கணினிகள் இன்னும் 94தான் காட்டுகின்றன. வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு அவற்றின் கேபிளை மாற்றப் போகிறோம். என்னைவிட நன்றாகத் தலை அடிக்கத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் நல்லது.