உளுத்த கல்

கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்திய 31 வருஷமும் 'ராபகிவி' எனக்கு இரண்டு மார்க் கேள்விதான். "உருண்டையான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், அதைச் சுற்றிப் பிளேஜியோகிளேஸ் உறை, இப்படி அமைந்த கிரானைட்" என்று எழுதினால் முழு மார்க். அந்தக் கல்லை நேரில் பார்க்க எனக்கு 72 வயது ஆகவேண்டியிருந்தது.

பெயர் பின்னிஷ் மொழியிலிருந்து வந்தது. 'ராபா' என்றால் சேறு, உதிரி மண். 'கிவி' என்றால் கல். நம் வழக்கில் சொன்னால் உளுத்த கல். ஸ்வீடன் அறிஞர் உர்பான் யார்னே 1694-லேயே இந்தச் சொல்லை எழுத்தில் வைத்துவிட்டார். 1891-ல் பின்லாந்தின் செடர்ஹோல்ம் முறையாக விவரித்த பிறகு, உலகமெங்கும் நிலவியலாளர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மகன் ஹெல்சிங்கியில் இருக்கிறான். போன கோடையில் அவனிடம் போயிருந்தோம். கிளம்புமுன் என் மனைவியின் இரண்டு முட்டிகளையும் பார்த்த டாக்டர் "தேய்மானம்" என்று சொல்லியிருந்தார். பயிற்சிக்குப் போகச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கல் பார்க்கப் போகலாம் என்றதும், "ஏங்க, நானே உளுத்துப் போயாச்சு, இதுல உளுத்த கல்லை வேற பார்க்கணுமா?" என்றாள். ஆனாலும் காரில் ஏறினாள்.

ஹெல்சிங்கியிலிருந்து கிழக்கே லோவீசா, கோட்கா, ஹமீனா என்று போகும் சாலை ஒரே பாறைத்திரளின் மேல்தான் ஓடுகிறது. வீபோர்க் திரள் என்று பெயர். ரஷ்ய எல்லை தாண்டியும் நீளும் அதன் பரப்பு சுமார் 18,000 சதுர கிலோமீட்டர். சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரில் நெல்லிக்காய் அளவில் செம்பழுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றுக்கும் சாம்பல் பச்சையில் ஒரு வளையம். சீரக மிட்டாயில் சீரகத்தின் மேல் சர்க்கரை படிந்திருக்குமே, அப்படி. கொஞ்ச தூரத்தில் அதே பாறை பொடிக்கல்லாக உதிர்ந்து கிடந்தது. பேரன் இரண்டு கையாலும் அள்ளி, "தாத்தா, இது கல்லா, மண்ணா?" என்றான்.

சுமார் 163 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த வட்டாரத்தில் மலைகள் எழும்பி ஓய்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. அடியாழத்திலிருந்து ஏறிவந்த பசால்ட் குழம்பு மேலோட்டின் அடியில் தேங்கி, தன் சூட்டால் மேலோட்டுப் பாறையையே உருக்கியது. அந்த உருகல்தான் மேலேறி இறுகி ராபகிவி ஆனது. வளையத்துக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். குழம்பு மேலேறும்போது அழுத்தம் குறைந்து, ஏற்கெனவே விளைந்த படிகத்தின் விளிம்பு கரைந்து, அதன்மேல் வேறு கனிமம் படிந்தது என்பது ஒன்று. இருவகைக் குழம்புகள் கலந்ததால் அப்படி ஆனது என்பது மற்றொன்று.

இது பின்லாந்தின் தனிச்சொத்தும் அல்ல. ஸ்வீடன், உக்ரைன், தெற்கு கிரீன்லாந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின், பிரேசிலின் ரொண்டோனியா, சீனாவில் பெய்ஜிங் பக்கம் எனப் பல இடங்களில் உண்டு. பெரும்பாலானவை 100 கோடி முதல் 180 கோடி ஆண்டு வயதுடையவை. பனியுகத்தில் பனிப்பாறைகள் பின்லாந்துத் துண்டுகளைச் சுமந்துபோய் எஸ்தோனியாவிலும் ஜெர்மனி வயல்களிலும் போட்டன. பனி நகர்ந்த வழியை அந்தக் கற்களை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

கடைசியாக விரோலாஹ்தி ஊரில் பியூட்டர்லாஹ்தி என்ற பழைய குவாரி. பின்லாந்து ரஷ்யப் பேரரசில் இருந்த காலத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அலெக்சாண்டர் தூணுக்கு இங்கேதான் கல் வெட்டினார்கள். இங்குள்ள ராபகிவியில் வளையம் அபூர்வம். ஒரே கல், 25 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 600 டன். 1832-ல் நிமிர்த்தினார்கள். எந்தப் பிணைப்பும் இல்லாமல் தன் எடையிலேயே இன்றும் நிற்கிறது. விழுந்துவிடுமோ என்று ஜனங்கள் பயந்ததால், கட்டிய மோன்ஃபெரான் தினமும் தன் நாயோடு அதன் அடியில் உலாவுவார் என்று ஒரு கதை உண்டு.

உளுத்த கல்லில் எப்படித் தூண்? படிகங்கள் பெரியவை. வெயிலிலும் உறைபனியிலும் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு அளவில் விரிந்து சுருங்கும். இடுக்கில் நீர் இறங்கும். அதனால் வெளியே கிடப்பது பல இடங்களில் உதிர்கிறது. உள்ளே இருப்பது திடமாகவே இருக்கிறது. லோவீசா அணுமின் நிலையத்தின் கழிவுகளில் கதிரியக்கம் குறைந்த வகைகளை, சுமார் 110 மீட்டர் ஆழத்தில் இந்தப் பாறைக்குள்தான் வைக்கிறார்கள்.

இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். குவாரி ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "பேரு வெச்சவன் மேலாப்புல பார்த்துட்டு வெச்சிருக்கான்" என்றாள்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் முட்டிப் பயிற்சிக்கு நாள் கேட்கச் சொன்னாள். காரணம் நான் கேட்கவில்லை.