வேலை மாடியில் இருக்கிறது, தம்பி

தம்பி, எரிசக்திப் பொறியியல் முடித்த நாளிலிருந்து திருத்தணிக்கும் சென்னைக்குமாக மின்சார ரயிலில் அலைகிறாய். நாடெங்கும் சோலார் பேச்சாக இருக்க, எனக்கு மட்டும் இடமில்லையே என்று மருகுகிறாய். குறை உன்னிடம் இல்லை. பெரிய நிலையங்களுக்குத்தான் விண்ணப்பம் போடுகிறாய்; அங்கே ஆட்கள் அதிகம் தேவைப்படுவதில்லை.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் எழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். கட்டி முடிந்தபின் பலகை துடைப்பதுகூட இயந்திரம்தான். 2017-ல் சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கில், ஒரு மெகாவாட் கூரை சோலார் சுமார் 25 பேருக்கு ஓராண்டு வேலை தருகிறது. நிலத்தில் விரிக்கும் நிலையம் நாலு பேருக்குக்கூடத் தருவதில்லை. காற்றாலை அதிலும் குறைவு.

கூரை வேலை வீடு வீடாகப் போய்ச் செய்வது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, தளம் பாரம் தாங்குமா, எர்த்திங் சரியா என்று ஒவ்வொரு மாடியிலும் ஏறித்தான் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இத்தனை மாடிகளில் யார் ஏறப்போகிறார்கள்?

சோலார் வேலை கற்றுத்தரும் அரசின் சூர்யமித்ரா பயிற்சியை ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்காக வகுத்தார்கள். பட்டதாரியின் கைக்குத் தொழில் பழக்க அதில் இடமில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம். அதனால் பேனல் மாட்டும் சிறிய காண்டிராக்டர் ஒருவரிடம் சேர். ஆரம்பத்தில் சம்பளம் குறைவுதான். ஆனால் வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவன் வாசலை மிதிக்காதே.

உனக்குத் தெலுங்கும் வரும். 1960-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்த பிறகும் நம் வீடுகளில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் வீட்டுக்காரரிடம் அவர் மொழியிலேயே கணக்கை விளக்க முடிகிறவனை எந்தக் காண்டிராக்டரும் விடமாட்டான். கர்னூல் பக்கம் 1000 மெகாவாட் சோலார் பூங்காவே இருக்கிறது. ஆட்கள் குறைவாகத்தான் தேவைப்படும் என்றாலும், அனுபவம் சேர்ந்தபின் அங்கேயும் கேட்டுப் பார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான் மின்கம்பம் ஏறிய காலத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் போய் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும் இடத்தில் சம்பளம் பேசும் முன், மாடி ஏறப் பாதுகாப்பு பெல்ட்டும் விபத்துக் காப்பீடும் தருவார்களா என்று கேள். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடு. நானும் கூட வந்து விசாரிக்கிறேன்.