இது எந்த ஊர் ஆட்டம்?

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்ட எல்லோருக்கும் நன்றி. பரவாயில்லை, படி ஏறுவதுதான் கஷ்டம். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூரிலிருந்து ஒரு போன். நம்மிடம் படித்த பையன்தான். பையன் என்கிறேன், நாற்பது வயது தாண்டிவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிச் சங்கராபுரத்தில் படித்தவன். பேர் வேண்டாம். அந்த செட் பிள்ளைகளுக்கு யார் என்று தெரியும்.

"சார், ஒரு யோசனை கேக்கணும்" என்றான். அவன் பெண் அங்கே ஒரு பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் பாரம்பரிய விழா. வகுப்புக்கு ஒரு மாநிலம், ஒரு ஆட்டம் என்று பிரித்திருக்கிறார்கள். இவள் வகுப்புக்கு 'ட்ரைபல் டான்ஸ்'. இலைப் பாவாடை, முகத்துக்குக் கறுப்பு, தலையில் கோழி இறகு, கையில் அட்டை ஈட்டி. எல்லாம் வாங்கி அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்திருக்கிறது.

"நாங்க யாருன்னு அந்த டீச்சருக்குத் தெரியாது சார். எம் பொண்ணுக்குமே இன்னும் சரியா சொல்லல. போய் என்னன்னு பேசட்டும்?"

எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஆனால் அதே இலைப் பாவாடையை 1996-ல் அவனுக்குக் கட்டிவிட்டவன் நான்.

அப்போது நாம் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில்தானே வந்தது! சமூக அறிவியல் ஆசிரியர் என்பதால் ஆண்டு விழாவில் கலை நிகழ்ச்சி என் பொறுப்பு. அந்தக் காலத்தில் நிகழ்ச்சிப் பட்டியலை நாங்கள்தான் போடுவோம், பிள்ளைகள் ஆடுவார்கள். 'மலைவாழ் மக்கள் நடனம்' என்று ஒன்று போட்டேன். எங்கே பார்த்தேன்? சினிமாவில்தான். வேறெங்கே பார்த்தேன், மலைக்குப் போனவனா நான்? தினமும் காலையில் பல் துலக்கும்போது மேற்கே தெரியும் மலை. அதுவரை ஒருமுறை கூட ஏறியதில்லை. மாவிலையைச் சணலில் கோத்து எட்டுப் பையன்களுக்கும் கட்டினோம். அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினோம். அர்த்தமில்லாத சத்தம் ஒன்றைக் கூவச் சொல்லிக் கொடுத்தேன். "நீ மலைக்காரன்தானே, நீயே முன்னாடி நில்லுடா" என்று அவனை முன்வரிசையில் நிறுத்தினேன். அவனுக்கு ஒரு கௌரவம் செய்வதாகவே நினைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் பரிசு அந்த ஆட்டத்துக்குத்தான். எவர்சில்வர் தட்டு. கைதட்டல் நிற்கவில்லை.

விழா முடிந்து பெஞ்சு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் அப்பா வந்து நின்றார். காலையிலேயே பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு. என்னைவிட நன்றாக உடுத்தியிருந்தார். கும்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது எந்த ஊரு ஆட்டம் வாத்தியாரய்யா?"

நான் சிரித்துக்கொண்டே, "உங்க ஊரு ஆட்டம்தாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கிணற்றடியில் கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த மகனிடம் போனார். துண்டை நனைத்து அவன் காதுக்குப் பின்னால் துடைத்துவிட்டார். இதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு அன்று ஒன்றும் உறைக்கவில்லை. உறைப்பதற்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று, அதையும் பிள்ளைகள்தான் செய்தார்கள்.

2011 பொங்கலை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர் ஆசிரியர் அறைக்கு வந்து, "இந்த வருஷம் பொங்கல் விழாவ நாங்களே நடத்துறோம் சார்" என்றார்கள். முன்னால் நின்று பேசியது ஒரு மலைப் பெண். விடுதிப் பிள்ளைதான். அவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்த விதிகள் மூன்று. யாருடைய கலையைச் செய்கிறோமோ அந்த வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பரிசு கிடையாது. ஆசிரியர்கள் நாற்காலியில் அல்ல, பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். நாலாவதாக ஒன்றை வாயால் சொன்னார்கள்: வரவேற்புரை வேண்டாம். வருஷா வருஷம் வரவேற்புரை நான்தான். உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான் வந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் கூத்து. நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் எல்லாம் பாரதம் படித்து, இரவில் கூத்து ஆடி, கடைசியில் படுகளம் போடுவது உங்களுக்குத் தெரியும். கூவாகத்தில் சித்திரையில் கூடுகிற கூட்டமும் அதே பாரதத்தின் அரவான் கதைக்காகத்தான். அப்படிப்பட்ட சீமையில், தன் தாத்தா கர்ணன் வேஷம் கட்டுகிறவர் என்பதை ஒரு பையன் ஐந்து வருஷமாக வகுப்பில் மறைத்து வைத்திருந்தான். யாரோ ஒருமுறை 'கூத்தாடி' என்று கூப்பிட்டுவிட்டார்களாம். எனக்குத் தெரியவே தெரியாது.

தாத்தா கட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தது, தூக்கினால் கனமே இல்லை. அரிதாரம் பூசக் கண்ணாடி கேட்டார். பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினோம், ஒரு முகக்கண்ணாடி கிடையாது. இயற்பியல் ஆய்வகத்திலிருந்து குழியாடியைக் கொண்டுவந்து நீட்டினான் ஒரு பையன். கிட்டே வைத்துப் பார்த்தால் முகம் பெரிதாகத் தெரிகிறதல்லவா, பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "அறுபது வருஷமா இது இல்லாம மீசை எழுதிட்டனே" என்றார். குவியத் தூரத்தைப் பிள்ளைகள் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று இயற்பியல் ஆசிரியர் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். பேரன் பின்பாட்டுக்கு நின்றான். முதல் அடியில் குரல் நடுங்கியது. மூன்றாவது அடிக்குள் நிமிர்ந்துவிட்டான்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் மரச்சிற்ப வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, அவள் மாமாவின் உளிகளைப் பாயில் பரப்பி ஒவ்வொன்றும் எதற்கு என்று சொன்னாள். அந்த வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது முதலில் எனக்குத்தான் போன் பண்ணினாள்.

இனி அந்த மலைப் பெண்ணின் ஆயா. சாமை மூட்டையும் ஒரு பை கடுக்காயுமாக, ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேரோடு வந்தார். பக்கத்து வீட்டில் உரல் உலக்கை வாங்கி வைத்திருந்தோம். சாமையைக் குத்துவது நெல் குத்துவது போல இல்லை. பொடி மணி, துள்ளி வெளியே ஓடும். காலால் அணைத்துக்கொண்டு, குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். நம் பிள்ளைகள் நாலு குத்துக்குள் பாதியை மண்ணில் கொட்டினார்கள். ஆயா திட்டவில்லை. சிந்தியதை ஒவ்வொரு மணியாகக் கூட்டி எடுத்தார். அதைப் பார்த்த பிறகு ஒருவரும் சிந்தவில்லை.

மேளம் தொடங்கியது. ஆண்கள் வேட்டி சட்டை, பெண்கள் நூல் புடவை. வந்த உடுப்போடு வட்டமாக நின்று ஆட ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பொடியன் என் கையைச் சுரண்டினான். "சார், இவங்க எப்ப டிரஸ் போட்டுக்கிட்டு ஆடுவாங்க?"

இலையைத்தான் கேட்கிறான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்? 1996-க்குப் பிறகும் நாலைந்து ஆண்டு விழாக்களில் அந்த ஆட்டத்தை நான் போட்டிருக்கிறேன். அவன் அண்ணன்மார்கள் ஆடியிருப்பார்கள்.

ஆட்டம் மெதுவாகத்தான் தொடங்கியது. குனிந்து, ஓரடி வைத்து, பாதி திரும்பி, நிமிர்ந்து. எனக்குக் கொட்டாவி கூட வந்தது. போகப்போக மேளம் ஏறியது, கால் ஏறியது. பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தோம், நாற்பது நிமிஷம் போயிற்று. ஒரு பிள்ளை எழுந்து போகவில்லை. கடைசி வட்டத்தில் பாதிப் பள்ளிக்கூடம் உள்ளே இருந்தது.

ஆட்டம் முடிந்து அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள். "எங்க சாதிச் சான்றிதழ்ல 'மலையாளி'ன்னு இருக்கும். கேரளாவான்னு கேப்பீங்க. இல்ல, நாங்க மலையாளுறவங்க" என்று ஆரம்பித்தாள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்து போன கதையைச் சொன்னாள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது என்று எங்கும் தங்கள் சனம் இருப்பதைச் சொன்னாள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இவர்கள்தான். சமூக அறிவியல் எடுத்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், ஜமீன்தாரி ஒழிப்பு 1948-னு பத்தாவதுல சொல்லிக்கொடுத்தீங்க. எங்க ஆயாவ கேளுங்க."

ஆயா மைக்கைத் தொடவில்லை, மைக் வேண்டாத குரல் அது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்ததையும், ஏருக்கு வரி கட்டியதையும், கூப்பிட்டபோது கூலியில்லாமல் போய் வேலை செய்ததையும் சொன்னார். சுதந்திரம் வந்தும் அது நிற்கவில்லை. மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில். அந்த வருஷம் ஆயாவுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் இருந்தது. எனக்கோ ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுகிற வயது. நாற்பது கிலோமீட்டர் கூட இருக்காது எங்கள் இருவருக்கும் நடுவில். இருபது வருஷம் '1948, அடிக்கோடு போட்டுக்கோ' என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு வருஷங்களையும் எழுதினேன். தேர்வில் 1948 எழுதுங்கள், 1976-ஐ மறக்காதீர்கள் என்பேன்.

சாப்பாட்டுக்குச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. பிள்ளைகள் பரிமாற, நாங்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதுதான் எனக்கு அந்த அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அவரைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. 'இத்தனை வருஷம் கழித்து என்ன' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடக்கிறது. பறையும் ஒயிலும் கற்ற நம் பிள்ளைகள் மாநில மேடை வரை போகிறார்கள். ரொம்பவும் நல்லது. போட்டி, பரிசு என்றாகிவிடுவதால் ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் ஆடுகிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள் என்பது மட்டும் எனக்குச் சின்னக் குறை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைகள் கல்வெட்டு படிப்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அது போல நம் பிள்ளைகளும் மலை ஊர்களுக்குப் போய்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் நன்றாயிருக்கும். 2024 ஜூனில் விஷச் சாராயச் சாவுகள் நடந்த பிறகு கல்வராயன் என்றாலே சாராய மலை என்று எழுதினார்கள். உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து மலை மக்களின் நிலையைப் பற்றி வழக்கு எடுத்தது. அந்த நாட்களில் விடுதிப் பிள்ளைகள் பஸ்ஸில் ஊர்ப் பேர் சொல்லி டிக்கெட் வாங்கக் கூசினார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை சொன்னாள். அவள் வேறு யாரும் இல்லை, 2011-ல் மைக் பிடித்த அதே பெண்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் தூக்கமில்லாமல் செவ்வாய்க்கிழமை இரவு ஓசூருக்குப் போன் பண்ணினேன். முதலில் 1996-ஐச் சொன்னேன். "உங்க அப்பா கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேன்பா. அது எந்த ஊர் ஆட்டமும் இல்ல. என் ஆட்டம்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பா அந்தத் தட்டுல சாப்பிட மாட்டாரு சார்" என்றான். "மாட்டுக்குத் தவிடு வைக்க வச்சிருந்தாரு."

கொஞ்ச நேரம் கழித்து அவனே, "டீச்சர் நல்லவங்கதான் சார், தெரியாம செய்றாங்க. சண்டை போட வேணாம்" என்றான். நான் வருகிறேன் என்றேன். முழங்கால் என்னாவது என்று கேட்டான். திருவண்ணாமலை போய்ப் பஸ் மாறினால் கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஓசூர், ஏறி உட்காருவதுதானே என்றேன். மலையிலிருந்து ஆசிரியை மேளக்காரர் ஒருவரையும் இரண்டு அக்காக்களையும் அழைத்து வருகிறாள். வியாழக்கிழமை பள்ளியில் அனுமதி கேட்டுப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. அனுமதி கிடைக்குமா என்பது போனால்தான் தெரியும்.

உங்களிடம் ஒரு உதவி. 2011 பொங்கலன்று செல்போனில் போட்டோ எடுத்தவர்கள் இருப்பீர்கள். ஆயா சாமை குத்துவது, அந்த வட்ட ஆட்டம், எது இருந்தாலும் புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். அந்த டீச்சரிடம் காட்ட வேண்டும். 1996 போட்டோ என்னிடமே ஒன்று இருக்கிறது. அதையும் எடுத்துப் போகிறேன்.