எந்த முகத்தோடு பள்ளிக்கு வருவது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம்மில் பலருக்கு அடுத்த வீட்டார் கிறிஸ்தவர்களே. 2025-இல் மார்ச் 2 அன்று நமக்கு ரமளான் நோன்பு தொடங்கிற்று; மார்ச் 5 அன்று அவர்களுக்குத் திருநீற்றுப் புதன் வந்தது. அன்று அவர்களுக்குப் புலால் விலக்கு என்பதால், கறி சேர்க்காத நோன்புக் கஞ்சியைக் கொடுத்தனுப்பினோம். நெற்றியில் சாம்பலோடு வந்து கஞ்சியை வாங்கிக்கொண்டவர்களைக் கண்டு நம் பிள்ளைகள், “அவர்கள் ஏன் தங்களைப் பாவிகள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்?” என்று கேட்டார்கள்.

‘சிலுவையை நம்பினால் போதும், எந்தப் பாவமும் செய்யலாம் என்பது அவர்கள் மார்க்கம்’ என நம்மவர் சிலர் விடை சொல்லிவிடுவதுண்டு. அது உண்மையன்று. பிறரது நம்பிக்கையை ஏற்காமல் இருக்கலாம். திரித்துச் சொல்வது நீதியாகாது.

நாம் வாழும் ஊரின் பெயரிலிருந்தே இதைத் தொடங்கலாம். தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவை இராயப்பர் என்பர். துறைமுகம் கட்டப்படாத காலத்தில், கப்பல் சரக்கை மசூலாப் படகுகளில் கரைசேர்த்த படகோட்டிச் சமூகத்தார் 1829-இல் எழுப்பிய இராயப்பர் தேவாலயம் இன்றும் நிற்கிறது. இராயபுரம் என்னும் பெயரும் அவரைக் கொண்டே வழங்குகிறது. அவர் ஒரு மீனவர். ஈஸா (அலை) அவர்களைப் பிடித்துச் சென்ற இரவில், ‘அவரை எனக்குத் தெரியாது’ என அஞ்சி மும்முறை மறுத்தார் என்றும், சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதார் என்றும் அவர்களது நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. அவரையே தம் திருச்சபையின் தலைவராகவும் அவர்கள் போற்றுகின்றனர். மனிதன் தன் வலிமையால் நிலைத்து நிற்க இயலாதவன், இறையருள் தூக்கி நிறுத்தினாலன்றி எழமாட்டான் என்பதற்கு அவரே அவர்களுக்குச் சான்று.

இக்கருத்தைக் கொள்கையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் இன்றைய அல்ஜீரியாவில் 354-இல் பிறந்த அகுஸ்தீன். மனிதன் தன் முயற்சியாலேயே நேர்வழியில் நடக்க முடியும் என்ற பெலாஜியுஸ் என்னும் துறவியை அவர் கடுமையாக மறுத்தார். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் அகுஸ்தீனின் பக்கமே நின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் இதே அருளை முன்வைத்துப் பிரிந்தார். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இது குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். மீட்பு அருளால் கிடைப்பது, நற்செயல்கள் அந்த அருளின் கனிகள் என்பது அதன் சாரம். ஆகவே பாவத்துக்கு உரிமம் வழங்குவது அவர்களின் போதனையன்று.

நாம் வேறுபடும் இடங்கள் தெளிவானவை. ஆதம் (அலை) அவர்களின் பிழை மக்கட்குலம் முழுவதையும் பற்றிய ஜென்மப் பாவமாயிற்று என்பதை நாம் ஏற்பதில்லை. அவர் மன்னிப்புக் கோரினார், இறைவன் மன்னித்தான் என்பதோடு அது முடிந்தது (2:37). குழந்தை தூய இயல்பிலேயே பிறக்கிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164). ஆதலால் பாவப் பரிகாரமாக ஒருவர் உயிர் துறக்க வேண்டிய தேவையும் நம் கொள்கையில் இல்லை. இதில் மழுப்பலுக்கு இடமில்லை.

ஆனால் இந்த வேறுபாட்டைச் சொல்லும் வேகத்தில், நாம் நம் அமல்களாலேயே சுவனம் புகுவோம் என்ற எண்ணம் நம்முள் வளர்ந்துவிடக் கூடாது. எவரையும் அவரது செயல் மட்டும் சுவனத்தில் புகுத்தாது. இறைவனின் ரஹ்மத் சூழ்ந்துகொண்டாலன்றித் தமக்கும் அவ்வாறே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் இரண்டும் பதிவு செய்துள்ளன.

எங்கள் உறவினர் ஒருவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். லாரிகள் வரிசையில் காத்துக்கிடக்கும் இரவுகளில் குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர் ஜும்ஆவுக்கு வருவதையும் நிறுத்தினார். “எந்த முகத்தோடு பள்ளிக்கு வருவது?” என்பார். எங்கள் வீட்டிற்கு நாள்தோறும் மீன் கொண்டுவரும் காசிமேட்டுக் கத்தோலிக்கப் பெண்மணி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, “மூணு தபா தெரியாதுன்னு சொன்னவரு பேர்லதான் பாய் இந்த ஊரே இருக்குது” என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவ்வார்த்தை அவரை உறுத்தியது. பள்ளி இமாமைத் தேடிச் சென்றார். இமாம் அவருக்கு கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னார். ஹிஜ்ரி 9-இல் தபூக் படையெடுப்புக்குத் தக்க காரணமின்றிப் போகாமல் தங்கிவிட்ட கஅப், பொய்ச்சாக்குச் சொல்லாமல் நபியவர்களிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். ஐம்பது நாள்கள் ஊரே அவரோடு பேசவில்லை. அந்நாள்களிலும் அவர் பள்ளிக்கு வருவதை விடவில்லை. பின்னர் மன்னிப்பு இறங்கியது. அந்த வசனத்தில் (9:118) ஒரு நுட்பம் உண்டு: அவர்கள் மீளும்பொருட்டு இறைவனே முதலில் அவர்கள்பால் திரும்பினான் என்பது அதன் பொருள். தவ்பா என்னும் சொல் அடியான் மீள்வதையும் குறிக்கும், இறைவன் அருளோடு திரும்புவதையும் குறிக்கும். நாம் வெட்கத்தோடு எடுக்கும் முதலடிக்கும் முன்னே அவனது அருள் நிற்கிறது.

உறவினர் இன்று ஜும்ஆவுக்கு வருகிறார். குடியை முற்றிலும் வென்றுவிட்டார் எனச் சொல்வதற்கில்லை, சிகிச்சையும் நடக்கிறது. கடைசி வரிசையில் நிற்கிறார். அவரைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்போர் இருக்கிறார்கள். அன்புள்ள சகோதர சகோதரிகளே, அந்தச் சுளிப்பு ஒருவரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடும். ஆதமின் மக்கள் அனைவரும் தவறுபவர்களே, அவர்களில் மேலானோர் மீள்பவர்கள் என்பதுதானே நம் நபியின் போதனை? அத்தகையவருக்கு ஸலாம் சொல்லி, தோளோடு தோள் சேர்த்து நிற்க இடம் தருவோம்.

யா அல்லாஹ், எங்கள் அமல்களின்மீது எங்களைச் சாட்டிவிடாதே. உன் ரஹ்மத்தால் எங்களைப் பொதிந்துகொள்வாயாக. வெட்கி நிற்போர் உன் வாசலுக்கு வரும் வழியில் எங்களைத் தடையாக்கிவிடாதே. ஆமீன்.