திரையில் வராத செய்தி

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1942ஆம் ஆண்டு பிறந்தவர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். கிட்டார் இசைத்து, நகரத்து ஏழைகளின் துயரத்தைப் பாடிய ராக் இசைக்கலைஞர் அவர். 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய இரண்டு இசைத்தொகுப்புகளும் அமெரிக்காவில் விற்பனையாகவில்லை. எனவே, அவர் கட்டடங்களை இடிக்கும் கூலிவேலைக்குச் சென்றார்.

அதே பாடல்கள் தென்னாப்பிரிக்காவில் பெரும்புகழ் பெற்றன. இனவொதுக்கல் ஆட்சியை வெறுத்த வெள்ளையின இளைஞர் பலர் அவற்றை விரும்பிக் கேட்டனர். பாடகர் மேடையிலேயே இறந்துவிட்டார் என்ற வதந்தியும் அங்குப் பரவியது. இரசிகர்கள் சிலர் விடாமல் தேடி, அவர் உயிரோடு இருப்பதைக் கண்டறிந்தனர். 1998ஆம் ஆண்டு அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று பாடியபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன.

இந்த வரலாற்றைச் சுவீடன் நாட்டு இயக்குநர் மாலிக் பெஞ்சலூல் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்னும் ஆவணப்படமாக எடுத்தார். 2012இல் வெளிவந்த அப்படம் மறு ஆண்டே ஆஸ்கார் விருதை வென்றது.

ஆயினும், படம் ஒரு செய்தியைச் சொல்லவில்லை. ரோட்ரிகஸ் ஆஸ்திரேலியாவிலும் புகழ்பெற்றிருந்தார். 1979இலும் 1981இலும் அங்குச் சென்று பாடினார். அதைச் சொல்லியிருந்தால், உலகம் மறந்த பாடகர் திடீரென மீண்டு வந்தார் என்னும் வியப்புக் குறைந்திருக்கும்.

எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை இயக்குநரே முடிவு செய்கிறார். ஆகவே, ஆவணப்படத்தைச் சுவைத்துப் பார்ப்பவர்கள், அதில் இடம்பெறாத செய்திகளையும் தேடிப் படிப்பது நல்லது.