தாயில்பட்டியில் ஒரு பழைய லென்ஸ்

சிவகாசிப் பக்கம், கரிசல் காட்டு நடுவே இருக்கிறது தாயில்பட்டி. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, மாமனாரின் பழைய பென்டாக்ஸ் லென்ஸை மகனுடைய மிரர்லெஸ் டிஜிட்டல் காமிராவில் மாட்டிக்கொண்டு போனேன்.

1975 வரை பென்டாக்ஸ் லென்ஸ்களுக்கு 42 மில்லிமீட்டர் திருகு மரைதான். நடுவில் ஓர் அடாப்டர் வளையம் போதும். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்பதை ஆன் செய்ய வேண்டும். முகம் தெளியும்வரை வளையத்தை நாமே திருக வேண்டும். வெளிச்ச அளவும் நம் கையில்தான்.

ஆலைக்குள் பேட்டரிச் சாமான் கூடாது. வேலை விட்டு வரும் பெண்களைக் கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் தெருவில் எடுத்தேன். ஒருத்தி, அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாய் மின்னிய விரல்களை முந்தானைக்குள் மறைத்தாள். குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவாளாம்.

“இதுதானடி சோறு போடுது!” என்றாள் நாத்தனார். நான் நிதானமாகத் திருகி முடிப்பதற்குள் கூச்சம் போய், கையைத் தூக்கிக் காட்டினாள். அவசரக் காமிராவுக்கு அந்தக் கை கிடைத்திருக்காது.

உங்கள் பீரோவிலும் பழைய லென்ஸ் இருக்கலாம், சகோதரிகளே. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை இல்லையென்றால் தாராளமாக உபயோகிக்கலாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, குழந்தைகளுக்கு எட்டாத டப்பாவில் வையுங்கள்.