பூச்சும் மூலையும்

குற்றத்தை மறைத்துப் பேசுபவனைப் ‘பூசி மெழுகுகிறான்’ என்று சொல்வது தமிழர் வழக்கு. உள்ளீடற்ற பண்பை ‘மேற்பூச்சு’ என்று இகழ்வதும் அவ்வழக்கின்பாற்பட்டதே. சாணமிட்டு மெழுகிய திண்ணையில் உறங்கி, சுண்ணாம்பு பூசிய சுவரிற் சாய்ந்து தலைமுறைகளாக வாழ்ந்த ஒரு சமூகம், அவ்விரு தொழில்களின் பெயர்களையும் வஞ்சகத்துக்குரிய பெயர்களாக்கிக்கொண்டமை சிந்தித்தற்குரியது. பூசுபவன் மறைப்பவன் என்னும் இக்கருத்து எவ்வளவு தூரம் நியாயமானது? நூலறிவாலன்றிக் கையறிவால் இவ்வினாவை எதிர்கொண்ட ஒரு மனிதரின் அனுபவம் அதற்கு ஒரு விடையைத் தருகின்றது.

அவர் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். தந்தையார் மேசன். சுண்ணாம்புச் சாந்தினால் வீடு கட்டிய காலத்திலும், காங்கேசன்துறைச் சீமெந்து ஊரெங்கும் பரவிய காலத்திலும் சாந்தகப்பையைக் கையினின்றும் கீழே வைக்காதவர். மகன் அக்கப்பையைத் தொடலாகாது என்பதே அவரது வாழ்நாள் விரதம். மகனும் படித்தார், பல்கலைக்கழகம் புகுந்தார். 1983ஆம் ஆண்டின் நிகழ்வுகள் அப்படிப்பை இடைநடுவில் முறித்தன. 1986இல் அவர் ரொறன்ரோ நகரை அடைந்தார். ஓர் உணவகத்திற் கோப்பை கழுவி முதற் குளிர்காலத்தைக் கழித்த பின்னர், புதிதாக எழும்பும் வீடுகளின் உட்சுவர்களை முடித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். தந்தையார் தொடவிடாத தொழிலின் தூரத்து உறவொன்றே அந்நிய மண்ணில் அவருக்குச் சோறிட்டது.

வட அமெரிக்க வீட்டின் உட்சுவர் யாழ்ப்பாணத்துச் சுவர் போன்றதன்று. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்களின்மேல், நான்கடி அகலமும் எட்டடி அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும் அரை அங்குலத் தடிப்பும் கொண்ட பலகைகளைத் திருகாணிகளால் இறுக்கி அச்சுவரை அமைப்பர். பலகையின் உள்ளே இருப்பது ஜிப்சம். இருபுறமும் தடித்த கடதாசி. ஜிப்சம் தன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைத் தன்னுட் பிணைத்து வைத்திருக்கும் கனிப்பொருளாகும். அதனைச் சுட்டால் நீரின் பெரும்பகுதி அகன்று பொடியாகும். அப்பொடிக்கு நீரை மீண்டும் ஊட்டினாற் கல்லாகும். பண்டைய எகிப்தியர் பிரமிட்டுகளைக் கட்டியபோது பயன்படுத்திய சாந்திலும் இப்பொருளே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒகஸ்ரின் சக்கற் என்பவர் 1894இல் ஜிப்சச் சாந்தையும் கடதாசியையும் அடுக்கிச் செய்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரின் பின்னர் வீடுகள் பெருந்தொகையாக வேண்டப்பட்டபோது, நாட்கணக்கில் உலரவேண்டிய ஈரச்சாந்தின் இடத்தை இத்தகைய பலகை கைப்பற்றிக்கொண்டது. ஈரமின்றி அமைவதனாலேயே அது ‘ட்றைவோல்’, அதாவது உலர்சுவர், என்னும் பெயரைப் பெற்றது.

எனினும் ஈரத்தை முற்றாக விலக்க எவராலும் இயலவில்லை. பலகையும் பலகையும் சந்திக்கும் இடங்களை ஈரமான பசையொன்றினாலேயே மூடவேண்டியிருந்தது. சமதளத்திலுள்ள பொருத்துகளை மறைப்பது ஓரளவு இலகு. உள்மூலையைக் கடதாசி நாடாவை மடித்து ஒட்டிச் சீர்செய்யலாம். வெளிமூலையோ அவ்வாறன்று. அது வீட்டினுள் வருவோரை நோக்கி முழங்கை போல நீண்டு நிற்பது. கதிரை முட்டுவதும், பயணப்பெட்டி உரசுவதும், ஓடிவரும் பிள்ளையின் தோள் இடிப்பதும் அங்கேதான். பலகைகளின் வெட்டுமுனைகள் அங்கே கடதாசியின் காப்பின்றி நிற்கின்றன. விரல் நகம் பட்டாலே அவை உதிரும். அறையின் ஒளி திசைமாறும் இடமும் அதுவே ஆகையால், நூலளவு கோணலையும் கண் அவ்விடத்திற் பிடித்துவிடும். வீட்டின் மிக மெலிந்த இடமும் மிகக் கூர்ந்து நோக்கப்படும் இடமும் ஒன்றாய் அமைந்தமையே வெளிமூலையின் இடர்ப்பாடு.

இவ்விடரைத் தீர்ப்பதற்கு, நாகம் பூசிய மெல்லிய தகடொன்றைச் செங்கோணமாக மடித்து மூலையிற் பொருத்துவர். ‘கோணர் பீட்’ என்பது தொழிலாளர் அதற்கு வழங்கும் பெயர். ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட இரு சிறகுகள் இருபுறச் சுவரிலும் படிந்திருக்க, அவை கூடும் இடத்தில் மெல்லிய முகடொன்று சுவரின் மட்டத்தைக் காட்டிலும் சிறிதளவு உயர்ந்து நிற்கும். தொழிலின் நுட்பம் முழுவதும் அவ்வுயரத்தில் அடங்கியுள்ளது. தகட்டைச் சுவரின் உயரத்திலும் அரை அங்குலம் குறைவாக வெட்டி, கூரைமட்டத்தோடு அணைத்து வைத்து, இரு சிறகுகளிலும் ஏறத்தாழ ஒன்பது அங்குலத்துக்கு ஓர் ஆணி அடிப்பர். அடியிலே எஞ்சும் இடைவெளியைப் பின்னர் அடிப்பலகை மறைத்துவிடும். ஒருபுற ஆணியை மிகையாக அடித்தால் முகடு மறுபுறம் சாயும்; ஆகவே இருபுறமும் மாறிமாறி, மட்டக்கோலை வைத்துப் பார்த்துப் பார்த்தே அடித்தல் வேண்டும்.

அதன்மேற் பூசப்படும் பசையைத் தொழிலாளர் ‘சேறு’ என்றே அழைப்பர். வாளியில் ஆயத்தமாக வரும் அப்பசையின் பெரும்பகுதி அரைத்த சுண்ணக்கல். எஞ்சியது நீரும் ஒட்டுப்பொருளும் பிறவும். இதனை அறிந்த நாளில் அவர் சற்றுத் திகைத்தார். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே கிடப்பதும், தந்தையின் கைவெடிப்புகளில் ஆயுள் முழுதும் வெள்ளையாய்ப் படிந்திருந்ததும் அக்கல்லே அல்லவா!

முதற்பூச்சுக்கு ஆறங்குலக் கத்தி போதும். கத்தியின் ஒரு முனை தகட்டின் முகட்டிலும் மறுமுனை சுவரிலும் ஊர்ந்து செல்ல, இடையிலுள்ள பள்ளம் நிரம்பும். கத்தி செல்லும்போது ‘டிக்’ என்று ஒலி கேட்டால் ஓர் ஆணித்தலை எழுந்திருக்கின்றது என்பது பொருள். நிறுத்தி அதனை அடித்துவிட்டே தொடர வேண்டும். பின்னர் காத்திருத்தல். ஈரத்திற் சாம்பலாய் இருந்த பூச்சு உலர்ந்து வெண்மையாவதற்குப் பெரும்பாலும் ஒரு முழுநாள் செல்லும். நீர் அகல அகலப் பூச்சுச் சுருங்கிக் குழியும். ஆகவே இரண்டாம் பூச்சு. அதன்பின் மூன்றாம் பூச்சு. ஒவ்வொரு முறையும் கத்தி அகன்றுகொண்டே சென்று ஈற்றிற் பன்னிரண்டு அங்குலத்தை எட்டும். உயர்ந்து நிற்கும் முகட்டிலிருந்து சுவரின் மட்டத்துக்கு ஓரடித் தூரத்தில் இறங்கும் அச்சரிவு, கண்ணுக்குத் தோன்றாத அளவு மெல்லியது. நேராகத் தோன்றும் மூலை உண்மையில் இரு மென்சரிவுகளின் சந்திப்பே. இறுதியில் அரத்தாளால் மெல்ல உரைத்து, சுவரோடு ஒட்டினாற்போல ஒரு விளக்கைப் பிடித்துப் பார்ப்பர்; நேர் ஒளி காட்டாத மேடுபள்ளத்தைச் சாய்வொளி காட்டிவிடும். உரைக்கும்போது எழும் தூசி சுவாசத்துக்குத் தீங்கானது. பழைய பசைகளிற் கல்நாரும் கலந்திருந்தது. 1977இல் ஐக்கிய அமெரிக்கா அதனைத் தடைசெய்தது. பழைய வீடுகளைத் திருத்தச் செல்லும் வேளைகளில் அவர் இதனை மறந்ததில்லை.

தந்தையாரின் முறை வேறு. அவர் மூலையின் ஒரு முகத்தில் நேரான பலகையொன்றைக் குண்டுநூல் பிடித்து நிறுத்தி, அதன் விளிம்பையே அளவாகக் கொண்டு மறுமுகத்தைப் பூசுவார். சாந்து இறுகியதும் பலகையைக் கழற்றி மற்றப் பக்கத்தில் நிறுத்துவார். அங்கே வழிகாட்டி வேலை முடிந்ததும் விலகிவிடும். இங்கே வழிகாட்டி சுவரினுள்ளேயே புதைந்து என்றென்றும் இருக்கும். மகன் தமது வேலையைக் கடிதத்தில் விவரித்தபோது தந்தையார் மகிழவுமில்லை, சினக்கவுமில்லை. “தம்பி, கண்ணை ஏமாத்தலாம், கையை ஏமாத்தேலாது. சுவர் நேரெண்டால் மெல்லிய பூச்சுப் போதும். மூலைதான் மேசனைக் காட்டிக் குடுக்கும்” என்று மட்டும் எழுதியிருந்தார்.

1989ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு வீட்டின் மாடிப்படியருகே அது நிகழ்ந்தது. ஆணியடித்து முடித்த தகடொன்றின்மீது எவரோ தூக்கிச்சென்ற ஏணி இடித்துவிட்டது. முகடு வளையவில்லை, ஆயினும் ஒருபுறச் சிறகின் ஆணிகள் இளகிவிட்டன. பெருவிரலால் அழுத்தியபோது தகடு உள்ளே சென்று மீண்டது. அதனைப் பிடுங்கி வேறு தகடு அடிப்பதே முறை. வீட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருந்தது. “மூடிவிடு, தெரியாது” என்றார் மேற்பார்வையாளர். வேலைக்கு மூன்று மாதம் முன்னரே நிரந்தரமானவர் அவர். ஊரில் ஒரு தங்கையின் திருமணம் அவருடைய சம்பளத்தை எதிர்பார்த்திருந்தது. அவர் மூடினார். உலர்ந்து சுருங்கும் பசையை விடுத்து, இரசாயன மாற்றத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இறுகும் வகையைக் கரைத்துப் பூசினார். அன்று மாலை அம்மூலையை மேற்பார்வையாளர் மற்றையோருக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டினார்.

குளிர்காலம் முழுவதும் வீட்டினுட் சூடேற்றும் உலை இயங்கியது. மரச்சட்டங்கள் உலர்ந்து ஒடுங்கின. படியில் ஏறியிறங்கிய ஒவ்வோர் அடியும் இளகிய தகட்டை அசைத்தது. இளவேனிலில் மூலையிலிருந்து விரலளவு தள்ளி, தகட்டின் சிறகு முடியும் கோட்டில், மேலிருந்து கீழாக மயிரிழை போன்ற ஒரு வெடிப்புத் தோன்றியது. வீட்டுக்காரர் முறையிட்டார். மூடச் சொன்னவர், சொன்னதை நினைவுகூரவில்லை. ஒரு வாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. எனினும் அவரை வருத்தியது பணமன்று. தாம் பூசி மெழுகியவர் என்ற நினைவே. ஊர் வாயிற் பழிச்சொல்லாக வழங்கியதைத் தம் கையாலேயே மெய்ப்பித்தாயிற்று என்று அவர் எண்ணினார்.

அவர் தாமாகவே அவ்வீட்டுக்குச் சென்றார். பூச்சைச் செதுக்கினார், தகட்டைப் பிடுங்கினார், சட்டத்தைச் சோதித்துப் புதிய தகட்டை அடித்தார், நாளுக்கொரு பூச்சாக மூன்று நாட் பூசினார். இச்சிறு வேலைக்கு மூன்று நாள் ஏன் என்று வீட்டுக்கார அம்மையார் வினவினார். “காய வேண்டும்” என்பதற்குமேற் சொல்ல அவரிடம் ஆங்கிலமும் இருக்கவில்லை, விருப்பமும் இருக்கவில்லை. அவ்வாண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டது; கடிதங்கள் அருகின. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குச் சென்ற தந்தையார் அங்கேயே காலமானார். வெடித்த மூலையின் கதையை மகன் அவருக்கு எழுதவேயில்லை.

2011இல் அவர் ஊர் சென்றார். தந்தையார் தம் கையாற் கட்டிய வீட்டிற் கூரை இல்லை. அறையினுள் ஆமணக்கு வளர்ந்திருந்தது. முன் விறாந்தையின் வெளிமூலை மாத்திரம் நின்றது. ஒரு முகத்திற் பூச்சு அப்படியே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். கை எங்கும் தடுக்கவில்லை. மறுமுகத்திற் பூச்சுப் பெயர்ந்து கற்கள் தெரிந்தன. அங்கே அவர் கண்டது அவர் எதிர்பாராதது. கற்கள் நேராயில்லை. இடுப்பளவு உயரத்திற் சுவர் இரண்டு விரற்கடை உள்வாங்கியிருந்தது. அவ்விடத்திற் சாந்து மிகத் தடிப்பாக அப்பப்பட்டிருந்தது. சுவர் நேரெனின் மெல்லிய பூச்சுப் போதும் என்று எழுதியவர், தம் சொந்த வீட்டில் இரண்டு விரற்கடைப் பூச்சுப் பூசியிருந்தார்.

அவருக்கு முதலிற் சிரிப்பு வந்தது. பின்னர் அக்கற்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கோணலாக வைக்கப்பட்ட கற்கள் ஒன்றையொன்று கவ்விப்பிடித்து, குண்டுவீச்சுகளையும் பதினாறு மாரிகளையும் தாங்கி நின்றன. இரு சுவர்களுக்கிடையே ஏற்பட்ட வேறுபாட்டைத் தந்தையார் சாந்தினாற் சமரசம் செய்திருந்தார், மறைக்கவில்லை. ரொறன்ரோவில் அவர் மூடிய தகடோ நேராகவே இருந்தது. ஆனால் அது அசைந்தது. கோணலைப் பூச்சுத் தாங்கும், அசைவைத் தாங்காது. நேரான சுவர் உலகில் இல்லை. கூரிய கண் கொண்டு நோக்கின் எல்லாச் சுவரும் சிறிது கோணலே. அக்கோணலை ஓரடிச் சரிவிற் கரைத்து, வாழ்வதற்குரிய மூலையாக்குவது பூசுபவனின் தொழில். இளகியதை இறுகியதாகக் காட்டுவதே வஞ்சகம். தமிழ் வழக்கு இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டது.

இன்று அவருக்கு அறுபது கடந்துவிட்டது. தோள் நோவினால் ஏணியில் ஏறுவதில்லை. புதிதாக நாடு வந்து இத்தொழிலிற் சேரும் இளைஞர் சிலர் அவரிடம் பழக வருவதுண்டு. அவர்கள் முதலில் அகன்ற கத்தியையே கையில் எடுக்க விரும்புவர். அவர் கத்தியைக் கொடுப்பதில்லை. ஆணியடித்த தகட்டின் அருகே அவர்களை நிறுத்தி, மேலிருந்து கீழாகச் சாணுக்கு ஒருமுறை பெருவிரலால் அழுத்தச் சொல்லுவார். அடிவரை சென்றதும் ஒரே ஒரு வினாவைக் கேட்பார்.

“அசையுதோ, தம்பி?”